புழல் ஏரியில் ஏன் கரண்ட் எடுப்பதில்லை? மொட்டை மாடித் தொட்டியிலிருந்து புனல் மின்சாரம் கற்க ஒரு வழிகாட்டி

மழைக்காலத்தில் புழல் ஏரியைத் திறந்துவிட்டால் எங்கள் பக்கம் ஒரே பரபரப்பாகிவிடும். வடபெரும்பாக்கம், மணலி, கொசப்பூர், சடையன்குப்பம் என்று உபரிநீர்க் கால்வாய் ஓரத்து ஊர்ப் பெயர்கள் எல்லாம் டிவியில் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் எர்ணாவூர்க்காரர்கள். வேடிக்கை பார்க்கப் பாலத்துக்குப் போவோம். அப்படி நின்றிருந்த ஒரு நாள், மின்வாரியத் தேர்வுக்குப் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: “இன்னாண்ணா, இவ்ளோ தண்ணி சும்மா கடலுக்குப் போவுதே, இதுல கரண்ட் எடுக்கக் கூடாதா?”

அதற்குப் பதில் சொல்ல ஒரு சாயங்காலமும் அவன் நோட்டில் ஆறு பக்கமும் ஆனது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உங்களுக்குத் தேவை ஒரு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, வீட்டு மின் மீட்டர், போனில் இருக்கும் கால்குலேட்டர். பிளஸ் டூ பிசிக்ஸ் மறந்துபோயிருந்தாலும் பரவாயில்லை.

முதல் படி: மீட்டரில் சிமிட்டலை எண்ணுங்கள்

மோட்டார் போடுவதற்கு முன் வீட்டில் மற்றதையெல்லாம் நிறுத்திவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் சேர்த்துத்தான். மின் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டும். எத்தனை சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்பது மீட்டரின் முகத்திலேயே அச்சாகியிருக்கும். எங்கள் வீட்டு மீட்டரில் 3200. மோட்டாரைப் போட்டுவிட்டு ஒரு நிமிடம் எண்ணினோம்: 53 சிமிட்டல். ஒரு மணிக்கு 3180, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட். ஒரு எச்.பி. மோட்டார் சுமார் ஒரு கிலோவாட் இழுக்கிறது என்று அர்த்தம்.

ஆயிரம் லிட்டர் சிண்டெக்ஸ் தொட்டி நிரம்ப இருபது நிமிடம் ஆனது. செலவு 0.33 யூனிட். சம்ப்பின் தண்ணீர்மட்டத்திலிருந்து தொட்டி வரை உயரம் 12 மீட்டர். இந்த மூன்று எண்களையும் நோட்டில் எழுதிவையுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

இரண்டாம் படி: 400 என்ற எண்

உயரத்தில் இருக்கும் தண்ணீர் என்பது சேமித்து வைத்த மின்சாரம். எவ்வளவு? ஒரு கிலோலிட்டர் தண்ணீரை, அதாவது ஆயிரம் லிட்டரை, 367 மீட்டர் உயரத்திலிருந்து இறக்கினால் சரியாக ஒரு யூனிட் ஆற்றல். குழாய், தண்ணீர் சுற்றிவிடும் சுழலி (டர்பைன்), ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து பத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதனால் கைக்கணக்குக்கு 400 என்று வைத்துக்கொள்ளலாம்:

கிலோலிட்டர் × மீட்டர் ÷ 400 = கிடைக்கும் யூனிட்.

எங்கள் தொட்டிக்கு 1 × 12 ÷ 400, அதாவது 0.03 யூனிட். ஒன்பது வாட் எல்இடி பல்பு ஒன்று மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட எரியும், அவ்வளவுதான். மேலே ஏற்ற 0.33 யூனிட் கொடுத்தோம், திரும்ப எடுத்தால் 0.03. பத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை. வீட்டு மோட்டாரும் அரை இஞ்ச் குழாயும் நாலு எல்போவும் எவ்வளவு மட்டம் என்பதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். மலையில் இருக்கும் பெரிய இயந்திரங்கள் இப்படி இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன்.

மூன்றாம் படி: அதே கணக்கில் புழல்

புழல் இயற்கை ஏரி இல்லை. சென்னையின் குடிநீருக்காகக் கரை கட்டி 1876-ல் உருவாக்கப்பட்டது. கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, அதாவது 3.3 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது 2.83 கோடி கிலோலிட்டர். ஆகப் புழல் நிரம்பினால் 9.3 கோடி கிலோலிட்டர். கேட்க மலைப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முழு ஆழமே 21 அடி சொச்சம். மேல்தண்ணீர் ஆறு மீட்டர் இறங்கும், அடித்தண்ணீர் இறங்கவே இறங்காது. சராசரி மூன்று மீட்டர் என்று தாராளமாகவே வைப்போம்.

9.3 கோடி × 3 ÷ 400 = சுமார் ஏழு லட்சம் யூனிட்.

பையன் முகம் மலர்ந்துவிட்டது. ஏழு லட்சமாச்சே! மாடியிலிருந்து வடக்கே கையைக் காட்டினேன். அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் இயந்திரங்கள் இரண்டு இருக்கின்றன. அதில் ஒன்று முழு மூச்சில் ஓடினால் ஒரு மணி நேரத்தில் ஆறு லட்சம் யூனிட். புழல் ஏரியை ஒரு சொட்டு மிச்சமில்லாமல் வடித்தாலும் அந்த ஒற்றை இயந்திரத்தின் ஒரு மணி பத்து நிமிட வேலைதான். அதற்காக நகரத்தின் குடிதண்ணீரைக் காலி செய்வார்களா?

நம்மிடம் தண்ணீர் இருக்கிறது, உயரம் இல்லை. புனல் மின்சாரத்தில் விலை மதிப்புள்ள சரக்கு உயரம்தான். நீலகிரியில் பைக்காரா ஆற்றுத் தண்ணீர் சிங்காராவில் இருக்கும் மின் நிலையத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருந்து குழாயில் விழுகிறது. 1932-லிருந்து அங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அங்கே ஒரு கிலோலிட்டர் தருவது 2.25 யூனிட். புழலில் அதே அளவு மின்சாரத்துக்கு 300 கிலோலிட்டர் வேண்டும். நம்மூர்க் கணக்கில் சொன்னால், ஒன்பதாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி முப்பத்து மூன்று.

நான்காம் படி: அணை என்ன வேலை செய்கிறது

அணை தண்ணீரைத் தேக்குகிறது என்பது பாதி பதில்தான். ஆற்றில் சரிவாக நீண்டு கிடக்கும் இறக்கத்தை ஒரே இடத்தில் செங்குத்தாகக் குவித்துத் தருகிறது. மழைக்காலத்தில் வந்ததை வேண்டிய மாதத்துக்கு ஒதுக்கியும் வைக்கிறது. மேட்டூர் 1934-ல் கட்டி முடிந்தது. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி., கிட்டத்தட்ட இருபத்தெட்டு புழல்.

செய்தியில் “மேட்டூரிலிருந்து விநாடிக்கு 10,000 கன அடி திறப்பு” என்று வந்தால் அதை மெகாவாட்டாக மாற்றிப் பழகுங்கள். ஆயிரம் கன அடி என்பது 28.3 கிலோலிட்டர். பத்தாயிரத்துக்கு விநாடிக்கு 283, மணிக்குப் பத்து லட்சம் சொச்சம். உயரத்தைக் கணக்குப் பழகுவதற்காக 30 மீட்டர் என்று வையுங்கள். 400-ஆல் வகுத்தால் மணிக்கு 76 ஆயிரம் யூனிட், அதாவது 76 மெகாவாட்.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. அணை நிறைந்திருந்தால் மின்சாரமும் நிறைய வரும் என்று நினைத்துவிடுகிறார்கள். மேட்டூர் பாசனத்துக்கான அணை. ஜூன் 12-ல் டெல்டாவுக்குத் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். வயலுக்குப் போகிற தண்ணீர் வழியில் சுழலியைச் சுற்றிவிட்டுப் போகிறது. கோடையில் மதகு மூடியிருந்தால், உள்ளே அறுபது டி.எம்.சி. இருந்தாலும் அதற்காக இயந்திரம் ஓடாது.

அப்புறம் நம் குழாயில் வரும் கிருஷ்ணா தண்ணீர். அது ஸ்ரீசைலம் நீர்த்தேக்கத்திலிருந்து தெலுங்கு கங்கைக் கால்வாய் வழியாகக் கண்டலேறு வந்து, அங்கிருந்து பூண்டிக்கு வருகிறது. ஸ்ரீசைலம் அணையில் பெரிய மின் நிலையம் இருந்தும் நம் பங்குத் தண்ணீர் அதைத் தொடுவதில்லை. நீர்த்தேக்கத்தின் பக்கவாட்டில் போத்திரெட்டிபாடு மதகு வழியாகவே கிளம்பிவிடுகிறது. தண்ணீர் ஒரே தண்ணீர்தான், எந்த வாசல் வழியாக வெளியே போகிறது என்பதில்தான் மின்சாரம் இருக்கிறது.

ஐந்தாம் படி: தண்ணீரோடு கூடவே நடந்து பாருங்கள்

அணையிலிருந்து மின்கம்பி வரை மனசுக்குள் ஒரு தடவை நடந்து பார்த்துவிடுங்கள். முதலில் மரக்கட்டை, குப்பை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பி வலை. அப்புறம் மதகு. அப்புறம் மலைக்குள் குடைந்த சுரங்கம். அதன் முடிவில் மலைச்சரிவில் இறங்கும் ராட்சத இரும்புக் குழாய், பென்ஸ்டாக் என்பார்கள்.

சுரங்கமும் குழாயும் சேரும் இடத்தில் வானத்தைப் பார்த்துத் திறந்தபடி ஒரு பெரிய கிணறு இருக்கும். இது எதற்கு? உங்கள் வீட்டில் வேகமாக ஓடும் குழாயைச் சட்டென்று மூடுங்கள். சுவருக்குள் ‘டொம்’ என்று ஒரு சத்தம் வரும். ஓடி வந்த தண்ணீர் நிற்க இடமில்லாமல் குழாயை முட்டுகிற சத்தம் அது. வீட்டிலேயே இப்படி என்றால், கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுரங்கத்துத் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் இரும்பே பிளந்துவிடும். அந்தக் கிணறு இருந்தால் தண்ணீர் அதில் மேலெழும்பி ஆடி அடங்கும்.

அதன் பிறகு சுழலி. உயரம் மிக அதிகம், தண்ணீர் கொஞ்சம் என்றால் பெல்டன் சக்கரம்: ஓரமெல்லாம் கிண்ணம் கிண்ணமாக இருக்கும், பீய்ச்சும் தண்ணீர் அதில் அறையும். பைக்காரா மாதிரி இடங்களுக்கு அது. நடுத்தர உயரத்துக்கு ஃபிரான்சிஸ். உயரம் குறைவு, ஆறு பெரிசு என்றால் கப்பல் விசிறி போன்ற கப்ளான் வகை. மேட்டூருக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை என்று வரிசையாகக் கதவணைகள் கட்டி, சில மீட்டர் இறக்கத்திலேயே ஒவ்வொன்றிலும் 30 மெகாவாட் எடுக்கிறார்கள். மேட்டூரில் விட்ட தண்ணீர் முழுக்க அங்கே ஓடிக்கொண்டே இருப்பதால் அது கட்டுபடியாகிறது. புழலுக்கு அந்த ஓட்டமும் கிடையாது.

சுழலி சுற்றினால் அதே தண்டில் இருக்கும் ஜெனரேட்டரும் சுற்றும். மின்சாரம் மேலே கம்பிக்குப் போய்விடும், வேலை முடித்த தண்ணீர் கீழே ஆற்றுக்குப் போய்விடும். தண்ணீரில் ஒரு சொட்டுகூடக் குறையாது.

ஆறாம் படி: தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றுவது

இனிமேல்தான் நீரேற்று மின் நிலையம். சம்ப்பும் மேல்தொட்டியும் இருக்கும் வீட்டுக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். மலைமேல் ஒரு ஏரி, அடிவாரத்தில் ஒரு ஏரி, நடுவில் ஒரு இயந்திரம். மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் நேரத்தில் கீழ் ஏரியிலிருந்து மேலே ஏற்றுவது, தட்டுப்பாடான நேரத்தில் மேலிருந்து இறக்கி மின்சாரம் எடுப்பது. ஏற்றவும் இறக்கவும் தனித்தனி இயந்திரம் வேண்டியதில்லை. ஒரு பக்கம் சுற்றினால் அது சுழலியும் ஜெனரேட்டரும், மறு பக்கம் சுற்றினால் அதே பம்ப்பும் மோட்டாரும்.

தமிழ்நாட்டில் இப்படி ஒன்று கோவை மாவட்டத்தில் ஆனைமலையில் இருக்கிறது: காடம்பாறை. மேல் ஏரி காடம்பாறை அணை, கீழ் ஏரி மேல் ஆழியாறு அணை. நூறு நூறு மெகாவாட்டாக நான்கு இயந்திரங்கள், மொத்தம் 400. முதல் இயந்திரம் 1987-ல் ஓடத் தொடங்கியது. இரண்டு ஏரிகளுக்கும் நடுவே உள்ள உயரத்தைக் கணக்குக்கு 350 மீட்டர் என்று வையுங்கள். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடத்தை ஆறரை தடவை அடுக்கிய உயரம். ஒரு சிண்டெக்ஸ் தொட்டித் தண்ணீருக்கு 0.87 யூனிட். நான்கும் முழுதாக ஓடினால் விநாடிக்கு 127 கிலோலிட்டர் இறங்க வேண்டும். ஒவ்வொரு விநாடியும் பதினான்கு தண்ணீர் லாரியைக் கவிழ்க்கிற மாதிரி.

மின் நிலையம் மலைக்குள், பூமிக்கடியில் இருக்கிறது. ஏன் அப்படிக் குடைந்துகொண்டு உள்ளே போனார்கள் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. என் மோட்டார் எரிந்தபோது புரிந்தது. போன கோடையில் சம்ப் அடிமட்டத்துக்கு வந்திருப்பதைப் பார்க்காமல் சுவிட்சைப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். காற்றை இழுத்துச் சூடாகி உள்ளே கம்பிச் சுருள் கருகியது, ரீவைண்டிங் செலவு தனி. பம்ப்பு தண்ணீரை எவ்வளவு உயரத்துக்கு வேண்டுமானாலும் தள்ளும், ஆனால் கீழிருந்து உறிஞ்சுவதற்கு ஒரு எல்லை இருக்கிறது. நம் தெரு அடிபம்பு ஏழெட்டு மீட்டர் ஆழத்துக்கு மேல் திணறுவதும் அதனால்தான். காற்று மண்டலத்தின் அழுத்தம் தூக்கித் தருவது அவ்வளவுதான். காடம்பாறை அளவு இயந்திரமோ கொஞ்சம்கூட உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் தண்ணீரில் குமிழிகள் உண்டாகி, உடையும்போது இரும்புத் தகட்டையே அரித்துக் குழி போட்டுவிடும். அதனால் கீழ் ஏரியின் தண்ணீர்மட்டத்துக்கும் கீழே இயந்திரத்தை வைத்துவிடுகிறார்கள். தண்ணீர் தானாகவே வந்து பம்ப்பின் வாயை நிரப்பி நிற்கும். அவ்வளவு ஆழத்தில் வைக்க வேண்டும் என்றால் பூமிக்குள் போகத்தான் வேண்டும்.

ஏழாம் படி: நஷ்டத்துக்கு ஏன் வியாபாரம்

இந்த இடத்தில் பையன் மடக்கினான். “ஏத்துறதுக்குக் கரண்ட் செலவு, இறக்குனா அதைவிடக் கம்மியா வருது. இது இன்னா புத்திசாலித்தனம்ண்ணா?”

அவன் சொன்னது உண்மைதான். இறக்கும்போது 400-ஆல் வகுத்தோம். பெரிய பம்ப்பில் ஏற்றும்போது ஆகும் செலவுக்கு 320-ஆல் வகுக்கலாம். காடம்பாறைக் கணக்கில் ஒரு கிலோலிட்டரை ஏற்ற 1.09 யூனிட், இறக்கினால் 0.87. நூறு கொடுத்தால் எழுபத்தைந்து, எண்பதுதான் திரும்பும். நீரேற்று நிலையம் ஒரு நாளும் மின்சாரத்தை உற்பத்தி செய்து கூட்டித் தராது. தேர்வில் இதைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார்கள், மறக்க வேண்டாம்.

அப்படியானால் எதற்கு? மின்சாரத்துக்கு நேரத்தைப் பொறுத்து விலை மாறும். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் ஒரு விலை, மீன் மிஞ்சிப்போன நேரத்தில் ஒரு விலை. மிஞ்சியதை ஐஸில் போட்டு வைத்தால் ஐஸ் காசு போகும், கொஞ்சம் எடையும் குறையும். ஆனாலும் நாளைக்கு மீன் இல்லாத நேரத்தில் அது லாபம். காடம்பாறை மின்சாரத்தின் ஐஸ்பெட்டி.

முன்பெல்லாம் மிஞ்சுவது நடு இரவில். ஊர் தூங்கும்போது அனல் நிலையக் கொதிகலனை அணைக்க முடியாது. அணைத்தால் திரும்ப மூட்டி முழு உற்பத்திக்கு வரப் பல மணி நேரமாகும். அந்த இரவு மின்சாரத்தில் தண்ணீரை ஏற்றினார்கள். இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் கொட்டுகிறது, காற்றுக்காலத்தில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் ராத்திரியிலும் சுற்றித் தள்ளுகின்றன. சாயங்காலம் ஆறரைக்குச் சூரியன் போய்விடும். அதே நேரத்தில் வீடு வீடாக விளக்கு, மோட்டார், ஏ.சி. மேலே ஏற்றி வைத்த தண்ணீர் அப்போதுதான் இறங்குகிறது. கொதிகலனுக்கு மணிக்கணக்கு என்றால், புனல் இயந்திரத்துக்குச் சில நிமிடம் போதும்.

அந்த வேகத்துக்கே தனி மதிப்பு உண்டு. நாடு முழுக்க மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று என்ற தாளத்தில் ஓடுகிறது. தேவை கூடி உற்பத்தி குறைந்தால் தாளம் 50-க்குக் கீழே சரியும். ரொம்பச் சரிந்தால் ஒன்றன்பின் ஒன்றாக நிலையங்கள் கழன்றுகொள்ளும். உடனே எழுந்து தோள் கொடுப்பது புனல் நிலையம். எல்லாம் அணைந்துபோன இருட்டில் வெளி மின்சாரமே இல்லாமல் முதலில் எழுந்திருப்பதும் பெரும்பாலும் அதுதான். அனல் நிலையம் எழுந்திருக்கவே அதற்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும், விசிறி, பம்ப்பு, கரி அரைக்கும் இயந்திரம் எல்லாம் ஓட வேண்டுமே.

எட்டாம் படி: அளவோடு எதிர்பாருங்கள்

2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட் வரை போனது. காடம்பாறையின் 400 அதில் இரண்டு சதவீதம்கூட இல்லை. நீலகிரியில் குந்தா திட்டமாக 500 மெகாவாட் நீரேற்று நிலையம் ஒன்றுக்கு வேலை நடந்துவந்திருக்கிறது. போர்த்திமந்து மேல் ஏரி, அவலாஞ்சி - எமரால்டு கீழ் ஏரி. இரண்டும் ஏற்கெனவே இருக்கும் அணைகள். புது ஏரிக்காகக் காட்டை மூழ்கடிக்க வேண்டியதில்லை என்பதால் இந்த வகை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மலைக்குள் சுரங்கம் குடைவது சாதாரண வேலை இல்லை. வருடக்கணக்கில் இழுக்கும்.

நோட்டை மூடப்போகும் நேரத்தில் பையன் கடைசியாக ஒன்று கேட்டான். “கீழ் ஏரி தனியா எதுக்குண்ணா? நம்மகிட்டதான் கடலே கீதே?”

செய்து பார்த்திருக்கிறார்கள் என்று சொன்னதும் அவனுக்கு ஒரே சந்தோஷம். ஜப்பானின் ஒக்கினாவா தீவில் 1999-ல் கடலையே கீழ் ஏரியாக வைத்து 30 மெகாவாட் நிலையம் ஓட்டினார்கள். கடலோரக் குன்றின் மேல் எட்டுக்கோண ஏரி, உயரம் 136 மீட்டர். உப்பு இரும்பை அரிக்கும், குழாய்க்குள் சிப்பி ஒட்டும், மேல் ஏரி கசிந்தால் சுற்றியுள்ள நிலம் உப்பாகிவிடும். எல்லாவற்றுக்கும் வழி செய்து ஓட்டி, 2016-ல் அதைக் கழற்றிவிட்டார்கள். நம்மிடம் கடல் இருக்கிறது, குன்று எங்கே?

அவன் விடுவதாக இல்லை. வடக்கே அத்திப்பட்டுப் புகைபோக்கியைக் காட்டினான். “அதும் மேல ஒரு சிண்டெக்ஸ் வெச்சா?”

275 மீட்டர். 1 × 275 ÷ 400. அவனே போனில் போட்டுப் பார்த்தான்: 0.69 யூனிட். எங்கள் வீட்டு மோட்டார் மொட்டை மாடித் தொட்டியை இரண்டு தடவை ரொப்பும்.